சிவப்பு யாருக்கு

ஜூன் 14, வெள்ளி

மதுராந்தகம் தாண்டி உள்ளே ஒரு சின்னப் பள்ளி. ஷேர் ஆட்டோவில் இரண்டு கீரைக்கூடைகளுக்கு நடுவே நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். சேலையெல்லாம் முளைக்கீரை வாசம்.

பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பிள்ளைகள் பாடம் படிக்கும் திரையை எப்படித் தொடுகிறார்கள், எங்கே முழிக்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதற்குத் தகுந்தபடி எழுத்தையும் படத்தையும் பொத்தானையும் மாற்றி வரைவது. அம்மா தூத்துக்குடியில் எல்லோரிடமும் "எம் மவ கம்ப்யூட்டர்ல படம் போடுதா" என்று முடித்துவிடுவாள். அதுவும் சரிதான்.

எங்கள் செயலியின் பெயர் தத்தித்தாவி. நாலாம் வகுப்புக்கான வாசிப்புப் பயிற்சி, டேப்லெட்டில் ஓடும். வகுப்பு ஆசிரியை தில்லைநாயகி என்னை வரவேற்ற விதமே தனி. நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"மேடம், மொதல்ல ஒன்னு கேட்டுக்கறேன். இத வச்சு எம் புள்ளைங்களுக்கு மார்க்கு கீர்க்கு போட மாட்டீங்களே?"

"மாட்டோம் டீச்சர். நாங்க சோதிக்கிறது புள்ளைங்கள இல்ல. எங்க திரையைத்தான்."

"எல்லாரும் இப்படித்தான் வராங்க. போன வருசம் ஒருத்தர் வந்தாரு, போட்டோ புடிச்சாரு, போனாரு. அப்பறம் எம் புள்ளைங்க மூஞ்சி எங்கியோ நோட்டீஸ்ல வந்துச்சு, படிக்கத் தெரியாத பசங்கன்னு."

"இது என் வார்த்தை டீச்சர். நான் பொறுப்பு."

அப்புறம்தான் நாற்காலி வந்தது.

பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் சொல்லும் வாக்கியம் அது. "பரீட்சை உங்களுக்கு இல்ல, இந்த டேப்புக்குத்தான். நீங்கதான் அதுக்கு வாத்தியார்." ஒரே ஆரவாரம். ஒருத்தன் டேப்பின் தலையில் குட்டினான்.

பூவிழி என்று ஒரு பெண். எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. கேள்வி வந்ததும் தொடவே இல்லை. விரலைத் திரைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே அதை நகர்த்தி, வாய்க்குள் முழுதும் படித்து, மறுபடி முதலிலிருந்து படித்து, அப்புறம்தான் தொட்டாள். எல்லாம் சரி. வகுப்பிலேயே அவள்தான் கதையைப் புரிந்துகொண்டு பதில் சொன்னவள். "கோழிக்கு மழ புடிக்காதுன்னு போட்டிருக்கு மிஸ், ஆனா எங்க கோழிக்குப் புடிக்கும்" என்றாள்.

அவளுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் போலிருந்தது.

ஜூன் 15, சனி

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடாமல் தொட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறது. கையால் பிழிந்து தோள்பட்டை போச்சு.

மதியம் கிருபாகரன் சாப்பிட வந்தான். கல்லூரியில் ஒரே வகுப்பு, இப்போது தத்தித்தாவிக்கு அவன்தான் முதலாளி. முதலாளி என்று கூப்பிட்டால் அடிக்க வருவான். நெத்திலி வறுத்திருந்தேன். அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, மீன்காரம்மாவிடம் அதுதான் இருந்தது.

என் ஆய்வுத் தாளைக் காட்டினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு திரைக்கும் ஒரு கட்டம். பிள்ளை தடையில்லாமல் போனால் பச்சை. கொஞ்சம் நின்றால் மஞ்சள். ரொம்ப நேரம் நின்றுவிட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் அங்கே எங்கள் எழுத்து பொடியாக இருக்கும், பொத்தான் ஒளிந்திருக்கும், வாக்கியம் முறுக்கிக்கொண்டிருக்கும். அதாவது தப்பு எங்களுடையது, போய்த் திருத்து என்று அர்த்தம்.

"செம, பிலோ. ஒரே பார்வையில புரியுது" என்றான். "பசங்க பேரும் இருக்கே?"

"அடுத்த தடவை அதே புள்ளையோட உக்காரணும்ல. முடிஞ்சதும் எடுத்துருவேன்."

"இருக்கட்டும், எடுக்காத. டேப்பே தானா இதைப் பதிஞ்சுக்குற மாதிரி பண்ணிரலாம். உனக்கு அலைச்சல் மிச்சம்."

என் அலைச்சலைப் பற்றி யோசிக்க ஒரு ஆளாவது இருக்கிறான். ஒரு கட்டு கட்டினான். அவன் காபி குடிக்கும் நீல மக்கைக் கழுவித் தனியாக வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

மெஷின் மெக்கானிக் வருகிறேன் என்றார், வரவில்லை. கிருபாவும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஒரு சண்டையில் ஜெயித்தேன்.

பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது திரையில் என்ன காட்டுவது என்பதுதான் சண்டை. மென்பொருள் பசங்கள் கடிகாரம் வைக்கலாம், முள் சுற்றினால் விறுவிறுப்பாக இருக்கும் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! படிக்கிற பிள்ளையின் பிடரியில் கடிகாரத்தைக் கட்டுவார்களா? நான் ஒரு கொக்கு வரைந்திருந்தேன். தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும். பிள்ளை எவ்வளவு நேரம் எடுத்தாலும் நின்றுகொண்டே இருக்கும். எப்போதாவது இறகைக் கோதும், அவ்வளவுதான்.

கிருபா எல்லோர் முன்னாலும் சொன்னான்: "பிலோ சொன்னா சொன்னதுதான். கொக்கு இருக்கும்."

புதுப் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். சும்மாதான். பெட்டியில் கிடந்து மடிப்பு விழுகிறது.

ஜூலை 11, வியாழன்

பள்ளிக்குக் கொக்கைக் கொண்டுபோனேன். வகுப்பே எழுந்து ஒற்றைக்காலில் நின்றது. இரண்டு பேர் விழுந்தார்கள். தில்லைநாயகி டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். "இது அவசரப்படுத்தல மேடம். நல்லாருக்கு" என்றவர், டிபன் பாக்ஸைத் திறந்து பாதி லெமன் சாதத்தை எனக்குத் தள்ளினார்.

பூவிழி கேட்டாள், "கொக்குக்குக் கால் வலிக்காதா மிஸ்?"

"நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கும். நேரம் இருக்கு, நீ மெதுவா படி."

அவள் படித்தாள். விரல் எழுத்துகளுக்கு மேலே நடந்தது.

ஜூலை 29, திங்கள்

பணம் போடும் அறக்கட்டளைக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. "வெறும் பட்ஜெட் பேச்சு பிலோ, உனக்கு போரடிக்கும்" என்றான் கிருபா. உண்மைதான், எனக்குத் தூக்கம் வந்துவிடும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். திரையில் என் பச்சை, மஞ்சள், சிவப்பு. பெரிதாகப் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

மாலையில் பொதுக் கோப்பில் என் தாளைத் தேடினால் பெயர் மாறியிருக்கிறது. 'திரைச் சிக்கல்கள்' என்று வைத்திருந்தேன். இப்போது 'மாணவர் நிலை'. யாரோ பசங்கள் கைதவறிப் போட்டிருப்பார்கள். மாற்றிவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

மறுபடி 'மாணவர் நிலை' என்றே இருக்கிறது. சர்வர் கோளாறோ என்னவோ.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

என்னைக் கணக்குப் பாடப் புத்தக வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், தற்காலிகமாக. பின்னங்களுக்கு இட்லி வரையச் சொன்னார்கள். பாதி இட்லி, கால் இட்லி. பசித்துவிட்டது.

"கொஞ்ச நாள் அந்த ஸ்கூல் பக்கம் போகாத" என்று கிருபா சொன்னான். "நீ பக்கத்துல உக்காந்தா பசங்க வேற மாதிரி நடந்துக்குவாங்க. தானா ஓடட்டும்." அதிலும் நியாயம் இருக்கிறது. பார்க்கிறவர் இருந்தால் பிள்ளைகள் மாறுவார்கள், நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

தில்லைநாயகி டீச்சரிடமிருந்து மூன்று அழைப்புகள். கூட்டத்தில் இருந்தேன். நாளைக்குப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டீச்சரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டு தடவை.

அம்மா பேசினாள். வாஷிங் மெஷின் கதையில் தொடங்கி கிருபாவில் வந்து நின்றாள். "ஏட்டி, அந்தப் பயல நம்பி நீ எத்தன வருசமா ஓடுத? வீட்டுக்கு வந்தாம்னா எங் கண்ணப் பாத்துப் பேச மாட்டாம்லா. எனக்குப் புடிக்கல, சொல்லிட்டேன்."

"அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருசம் ஆச்சும்மா. நீ என்ன பேசுற?"

"நான் அதயா சொன்னேன்?" என்றாள்.

அம்மாவுக்குக் கற்பனைதான் பொழுதுபோக்கு. அவன் கல்யாணப் பத்திரிகையையே நான்தான் வரைந்து கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போகாதது காய்ச்சல் வந்ததால்.

செப்டம்பர் 12, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டீச்சர் போனை எடுக்காததால் யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். நாலாம் வகுப்பில் பெஞ்சுகள் இடம் மாறியிருந்தன. பிள்ளைகள் கையில் ரப்பர் பட்டை. முன் பெஞ்சுக்காரர்களுக்குப் பச்சை. நடுவில் மஞ்சள். சுவரோரம் ஃபேன் எட்டாத கடைசி இரண்டு பெஞ்சுகளில் சிவப்பு.

பூவிழி கடைசி பெஞ்சில் இருந்தாள்.

சுவரில் ஒரு பெரிய அட்டவணை. பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் கட்டங்கள், என் மூன்று நிறங்கள். நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே சிவப்பு, கண்ணை உறுத்தாத சிவப்பு. அடியில் அச்சில்: 'வடிவமைப்பு ஆய்வு: பிலோமினா ராயப்பன்'.

"வாங்க மேடம்" என்றார் தில்லைநாயகி டீச்சர். அந்த 'வாங்க'வில் உயிரே இல்லை. "உங்க ஆளுங்க வந்து ஒட்டிட்டுப் போனாங்க. பட்டையும் அவங்கதான் குடுத்தாங்க. ஹெட்மாஸ்டருக்கு ஒரே சந்தோசம், புள்ளைங்கள பிரிக்கிறது சுலபமா ஆயிடுச்சாம். அடுத்த வருசம் செவப்புங்களுக்குத் தனி செக்சன்."

"டீச்சர், எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"பேரு உங்க பேருதான மேடம்? போன் பண்ணேன். நீங்க எடுக்கல."

கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பூவிழி பக்கத்தில் உட்கார்ந்தேன். டேப்பில் கேள்வி வந்தது. கேள்வி முழுதாகத் தெரிவதற்குள் அவள் விரல் டப்பென்று விழுந்தது. தப்பு. அடுத்த கேள்வி. டப். தப்பு. கொக்கு காலைத் தூக்கக்கூட நேரமில்லை.

"படிக்கலியா கண்ணு?"

"வேகமா தொட்டா மஞ்சளாவும் மிஸ். அப்பறம் பச்ச." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "படிச்சேன், அதான் செவப்பாயிட்டேன்."

அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மிஸ், பரீட்ச டேப்புக்குத்தான்னு சொன்னீங்க இல்ல? அது பாஸா ஃபெயிலா? அது எந்த பெஞ்சுல உக்காரும்?"

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதேன். ஆயா பார்த்துவிட்டுத் துண்டைக் கொடுத்தார்.

செப்டம்பர் 13, வெள்ளி

கிருபாவின் அறைக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். கத்தவில்லை என்று நினைக்கிறேன். வெளியே எல்லோரும் எழுந்து நின்றதைப் பார்த்தால் கத்தியிருப்பேன்.

அவன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"கலர் யாரு போட்டது பிலோ?"

"நான்தான்."

"பேர் யாரு சேத்தது?"

"நான்தான். எனக்காக. திருத்தறதுக்காக."

"அப்ப நான் புதுசா என்ன பண்ணேன்? தலைப்ப மாத்தினேன். அவ்ளோதான்."

"சிவப்புன்னா நம்ம தப்புடா! அதை அந்தப் புள்ளைங்க தப்பா மாத்திட்டியே!"

"நம்ம திரையில இத்தன தப்புன்னு காட்டுனா எவன் காசு போடுவான்? எந்தப் பையன் வீக்குன்னு சொல்லு, ஓடி வந்து வாங்குவான். முந்நூறு ஸ்கூல் பிலோ. பொங்கலுக்கு முன்னாடி. உன் சம்பளத்த யாரு குடுப்பா, கொக்கா?"

"என் பேர ஏன் போட்ட?"

அதற்குத்தான் கலக்குவதை நிறுத்தினான். "உன் பேருக்கு ஒரு மரியாத இருக்கு. டீச்சருங்க உன்ன நம்புறாங்க."

அப்படியானால் எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான். ஜூன் மாதம் என் வீட்டில் உட்கார்ந்து, என் நெத்திலியைத் தின்றுகொண்டே, பேரை எடுக்காதே என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான். பதினான்கு வருடம். எனக்கு யார்மேலும் இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"இருபத்திநாலாம் தேதி அறக்கட்டளை மீட்டிங். நீ பேசணும், அவங்க கேட்டிருக்காங்க" என்றான். "கோவத்துல எதுவும் பண்ணாத. நமக்குள்ள எவ்ளோ இருக்கு."

என்ன இருக்கிறது?

செப்டம்பர் 14, சனி

நீல மக்கை வேலைக்கு வரும் கஸ்தூரியக்காவிடம் கொடுத்துவிட்டேன். "புதுசா இருக்கே, எதுக்கு?" என்றார். பிடிக்கவில்லை என்றேன்.

மெக்கானிக் வந்தார். குழாயில் ஒரு கைக்குட்டை அடைத்திருந்ததாம். ஆண்கள் கைக்குட்டை.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று எல்லார் முன்னாலும் உண்மையைப் பேசப்போகிறேன் என்று காலையிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "வேல போனா போவட்டும். நீ பேசாம வந்தேன்னா அந்தப் புள்ள மூஞ்சி ஒன்ன விடாது" என்றாள். அதிசயமாக கிருபாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அறக்கட்டளைத் தலைவர் பெரிய மனிதர், எழுபதைத் தொட்டவர், தன்மையானவர். கிருபா என்னை அறிமுகப்படுத்தி மானாவாரியாகப் புகழ்ந்தான். நான் எழுந்தேன். ஸ்லைடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு டேப்பை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தேன்.

"ஐயா, நாலாம் வகுப்புக் கேள்விதான். ஒரு அஞ்சு கேள்வி நீங்களே பண்ணிப் பாருங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டினார். கதையை ஒருமுறை படித்தார். "நல்லா எழுதியிருக்காங்களே" என்றார். கேள்வியைப் படித்துவிட்டு மறுபடி கதைக்குப் போனார். பூவிழி மாதிரியேதான். ஐந்தும் சரி. முடிந்ததும் திரையில் முடிவு வந்தது: அவருக்குச் சிவப்பு.

"நீங்க கடைசி பெஞ்சு ஐயா" என்றேன். "ஃபேன் வராது. அடுத்த வருசம் தனி செக்சன்."

தலைவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வார்த்தையைச் சொன்னேன். இந்தச் சிவப்பு எங்கள் தப்பைக் காட்ட நான் போட்டது, பிள்ளைகள் மேல் பூச இல்லை என்றேன். ஒரு பெண் படிப்பதையே விட்டுவிட்டாள் என்றும் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "பட்டை வேண்டாம் கிருபாகரன், அது தப்பு" என்றார். ஒரு நிமிடம் எனக்கு மூச்சே திரும்ப வந்தது.

கிருபா எழுந்தான். "கண்டிப்பா சார். பட்டைய எடுத்துடறோம். சிவப்பு கொஞ்சம் கடுமையான கலர்தான், அத இளம் ஆரஞ்சா மாத்திடலாம். பேரும் 'வளரும் நிலை'ன்னு வச்சுக்கலாம். பிலோமினா இன்னைக்குக் குடுத்தது ரொம்ப முக்கியமான கருத்து."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் ஆரஞ்சு நல்ல யோசனை என்றார். முந்நூறு பள்ளிக்கும் கையெழுத்தாயிற்று.

மாலையில் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள் என்றான். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தமென்று இப்போதெல்லாம் எனக்குப் புரிகிறது. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. அம்மா எப்போதோ பார்த்துவிட்டதை நான் பார்க்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

கொக்கையும் எடுத்துவிட்டார்களாம். கடிகாரம் வந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண் ரகசியமாகச் சொன்னாள். போன் வைத்தபிறகு மீன் வாங்கப் போனேன். நெத்திலிதான் இருந்தது. வாங்காமல் வந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

போகலாமா வேண்டாமா என்று பத்து நாளாக மனதோடு மல்லுக்கட்டிவிட்டு, இன்று பள்ளிக்குப் போனேன்.

தில்லைநாயகி டீச்சர் வாசலிலேயே நிறுத்தினார். ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டு அட்டவணையைக் கிழித்திருக்கிறார். பெஞ்சையும் பழையபடி போட்டுவிட்டார். அதற்காக மெமோ வாங்கியிருக்கிறார். என் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நல்லது செய்தீர்கள் என்றெல்லாம் சொல்லவில்லை.

"போன், பையி எல்லாம் ஆபீஸ்ரூம்ல வச்சிட்டு வாங்க. பேனாகூட வேணாம்" என்றார். "அர மணி நேரம். நானும் பக்கத்துலயே இருப்பேன்."

பூவிழி முன் பெஞ்சில் இருந்தாள். கையில் பட்டை இல்லை. டீச்சர் பாடப் புத்தகத்திலிருந்தே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். வெறும் தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் தலைப்பைப் பார்த்தாள், உடனே கடகடவென்று ஏதோ ஒரு பதிலைச் சொன்னாள். தப்பு. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா கலரு மிஸ்?"

"கலர் இல்லடா. நேரம் இருக்கு, நீ மெதுவா படி."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"அப்பவும் இப்படித்தான் சொன்னீங்க மிஸ்."

பக்கத்தில் டீச்சர் இருந்தார். அவர் எனக்காக ஏன் பேச வேண்டும்? என் பேரைப் போட்டு அவன் செய்தான், என்னையும் ஏமாற்றினான் என்றெல்லாம் இவளிடம் எப்படிச் சொல்வது? இவளுக்கு வார்த்தை கொடுத்தவள் நான்தான்.

"ஆமா பூவிழி. சொன்னேன். அது பொய்யாப் போச்சு."

அவள் புத்தகத்தைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பித் தள்ளினாள்.

"அப்ப நீங்க படிங்க மிஸ். நான் பாக்கறேன்."

பெஞ்சை விட்டு இறங்கி என் எதிரே நின்றாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கினாள். தடுமாறினாள், ஆனால் விழவில்லை. நான் முதல் சொல்லின் மேல் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.